ஆஃபர் லெட்டரில் ஜப்பான் பெயர் இருக்கிறது, சரி, ஐடி கார்டில்?

அம்மா, நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டரை இரண்டு தடவை படித்துவிட்டேன், வாய்ஸ் மெசேஜையும் முழுக்கக் கேட்டேன். பி.இ. மெக்கானிக்கல் முடித்த பையனுக்கு ஒரகடத்தில் ஒரு ஜப்பான் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, கையில் வருவது 21 ஆயிரம் சொச்சம். எதிர்வீட்டுப் பெண் பெங்களூரில் ஐடியில் 35 ஆயிரம் வாங்குகிறாள். உங்கள் கொழுந்தனார் கூட்டிவந்த ஏஜென்ட்டோ நாலரை லட்சம் கட்டினால் நேரே ஜப்பானுக்கே அனுப்பிவிடுகிறேன் என்கிறார். இதில் எதில் அவனைச் சேர்ப்பது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது சம்பளம் இல்லை, லெட்டர்ஹெட். ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளைப் பாருங்கள், எல்லோருக்கும் ஒரே சீருடைதான், ஆனால் எல்லோரும் அந்தக் கம்பெனியின் ஆள் இல்லை. நிரந்தரம், டிரெய்னி, அப்ரண்டிஸ், காண்டிராக்டர் கொண்டுவந்து விட்டவர் என்று அந்த ஒரே வரிசையில் நாலு விதம் உண்டு. 'எந்த ரோல்ல இருக்கே?', அதாவது யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறாய் என்றுதான் அங்கே கேட்டுக்கொள்வார்கள். ஐடி கார்டில் கம்பெனி பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருந்தால் அதுதான் உண்மையான முதலாளி. அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் பிஎஃப், ஈஎஸ்ஐ கிடையாது, காலம் முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. ஜப்பான் கம்பெனியில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு ஒரு வருடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிற பையன்கள் என்னிடம் வருகிறார்கள், பாதிப் பேருக்குத் தாங்கள் எந்த ரோலில் இருந்தோம் என்பதே வெளியே வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

உங்கள் பையனுடையது கம்பெனியின் சொந்த லெட்டர்ஹெட், கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி, ஒரு வருடம், பிஎஃப் பிடித்தம் உண்டு. நல்லது. நான்காம் பக்கத்தில் மட்டும் 'கன்ஃபர்மேஷன் கம்பெனியின் தேவையைப் பொறுத்தது', அதாவது நிரந்தரமாக்குவது அவர்கள் இஷ்டம் என்று ஒரு வரி வருகிறது. தப்பு என்று சொல்லமாட்டேன், எல்லோரும் போடுவதுதான், ஆனால் போன வருடம் எடுத்த டிரெய்னிகளில் எத்தனை பேரை கன்ஃபர்ம் செய்தீர்கள் என்று ஹெச்ஆரிடம் அவனையே கேட்கச் சொல்லுங்கள். பணிவாகக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

'ஜப்பான்காரன் ஆளை வெளியே அனுப்பமாட்டான்' என்று உங்கள் அண்ணன் சொன்னதாகச் சொன்னீர்கள். அது பாதி உண்மை, அதுவும் பழைய பாதி. வந்தால் நின்று பார்க்கிற குணம் அவர்களுக்கு உண்டுதான். மாருதியோடு சுசுகி ஒப்பந்தம் போட்டது 1982ல், அப்போது அவர்கள் பங்கு 26 சதவீதம். அவசரப்படாமல் இருந்து 2002ல்தான் பெரும்பான்மைப் பங்குக்கு வந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். அதே ஜப்பானிலிருந்து வந்த தாய்ச்சி சாங்க்யோ என்ற மருந்துக் கம்பெனி 2008ல் நம் ஊர் மருந்துக் கம்பெனி ரான்பாக்ஸியை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டு 2014லேயே சன் ஃபார்மாவுக்குக் கைமாற்ற முடிவெடுத்துவிட்டது. உங்கள் ஒரகடத்துக் கதையே இருக்கிறது: ரெனோவும் நிஸ்ஸானும் சேர்ந்து 2010ல் திறந்த ஆலை, 2025ல் நிஸ்ஸானின் பங்கையும் ரெனோ வாங்கிக்கொண்டது. நிஸ்ஸான் வண்டிகள் இன்னும் அங்கேதான் தயாராகின்றன, ஆனால் முதலாளி மாறியாயிற்று. அதே வருடம் உலகம் முழுக்க 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும் 17 ஆலைகளை 10 ஆக்குவதாகவும் நிஸ்ஸான் அறிவித்தது.

இது உதிரிபாகக் கம்பெனிக்கு ஏன் முக்கியம் என்றால், பெரிய கார் கம்பெனி ஒரு நாட்டுக்குப் போனால் அதற்குப் பாகம் செய்கிற சின்ன ஜப்பான் கம்பெனிகளும் பின்னாலேயே போகும், தாய்லாந்திலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். பெரியவருக்கு ஜலதோஷம் என்றால் சின்னவருக்குக் காய்ச்சல். அதனால் எந்த நாட்டுக் கம்பெனி என்று கேட்பதைவிட எத்தனை பேருக்குச் சரக்கு போகிறது என்று கேளுங்கள். உங்கள் பையன் பார்த்துச் சொன்னபடி மூன்று கார் கம்பெனிக்கும் ஒரு டூவீலர் கம்பெனிக்கும் போகிறது என்றால் எனக்கு அது 35 ஆயிரத்தைவிட ஆறுதலான செய்தி.

சரி, 21 ஆயிரத்துக்கு என்னதான் கிடைக்கும்? பணம் மெதுவாகத்தான் ஏறும், அதை மறைக்கவில்லை. கிடைப்பது வேறு. என்னிடம் படித்த ஒரு பையன், பெயர் வேண்டாம், இதே மாதிரி ஒரு கம்பெனியில் சேர்ந்து மூன்றாம் மாதம் ஒரு ரிஜெக்ஷன் ரிப்போர்ட், அதாவது பாகம் ஏன் கழிக்கப்பட்டது என்ற அறிக்கை எழுதியிருக்கிறான். ஒரு பாகத்தில் கீறல் விழுகிறது, காரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ஜப்பானிலிருந்து வந்திருந்த ஆலோசகர் அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அவனை மெஷினுக்கு எதிரே நிற்க வைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் நின்றான். மதியத்துக்கு மேல் கூலன்ட் என்கிற, மெஷினைக் குளிர்விக்கிற திரவம் சொட்டி கையுறை நனைகிறது, நனைந்த கையுறையில் பாகம் வழுக்கி டிரேயின் விளிம்பில் இடிக்கிறது. டிரேயை அரையடி தள்ளி வைத்தார்கள், விளிம்புக்கு ரப்பர் ஒட்டினார்கள், கீறல் நின்றது. கவனக்குறைவு என்பது காரணமே இல்லை, காரணத்தைத் தேடாமல் விட்டதற்கு நாம் வைத்த பெயர் என்று அவனே என்னிடம் சொன்னான். பையனுக்கு 22 வயது. இந்தப் பாடத்தை எந்தக் கல்லூரியிலும் நடத்துவதில்லை.

இன்னொன்று, வேலையில் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் போய்ச் சொல்லிவிட வேண்டும். ஹோகோகு, ரென்ராகு, சோதான் என்று மூன்று வார்த்தை சொல்வார்கள்: அறிக்கை கொடு, தகவல் சொல், கலந்து பேசு. நம் பிள்ளைகள் சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று மூடி வைப்பார்கள், அங்கே திட்டு விழுவது தப்புக்கு அல்ல, மூடி வைத்ததற்கு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்தில் மேனேஜர் ஆகிவிட்டு அதற்கு மேலே தலை இடிக்கும். இங்கே எம்டியாக வருகிறவர் பெரும்பாலும் ஜப்பான்காரர், மூன்று நான்கு வருடத்தில் அவர் போய் இன்னொருவர் வருவார், பெரிய முடிவெல்லாம் தலைமையகத்தில் பல மேஜைகளில் முத்திரை விழுந்துதான் திரும்பும். இந்தக் கூரையைத் தாண்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அநேகமாக எல்லோருக்கும் ஜப்பானிய மொழி தெரியும். எம்டியின் பேச்சை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்கிற மெக்கானிக்கல் இன்ஜினியர் அபூர்வம், அதுதான் அவன் விலை.

மொழியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எழுத்துதான் கஷ்டம், அவர்கள் சீன எழுத்தைக் கஞ்சி என்கிறார்கள், நம் கஞ்சி மாதிரி சுலபமாக இறங்காது. ஆனால் வாக்கியம் நம்முடையது போலவே போகும்: 'வதாஷி வா கோஹான் ஓ தபேமாஸ்', நான் சோற்றைச் சாப்பிடுகிறேன், வினை கடைசியில், 'ஐ' உருபு இருக்கிற இடத்தில் 'ஓ'. ஆங்கிலத்தைவிட இது நம் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் படியும் என்பது என் கட்சி. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வு சென்னையிலேயே ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, சுலபமான என்5ல் தொடங்கிக் கடினமான என்1 வரை. டிரெய்னி வருடத்திலேயே என்5 எழுதட்டும், நான்கு வருடத்தில் என்3 என்று குறி வைக்கட்டும். ஷிஃப்ட் முடிந்து வந்து படிப்பது லேசில்லை, அதனால் தினம் அரை மணி நேரம் போதும் என்று சொல்லுங்கள், இரண்டு மணி நேரம் என்று ஆரம்பித்தால் மூன்றாம் வாரம் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

இப்போது ஏஜென்ட். ஜப்பானுக்கு ஆள் தேவை என்பது பொய்யில்லை. 2025 ஆகஸ்டில் இரண்டு அரசுகளும் போட்ட திட்டத்தில் ஐந்து வருடத்தில் இந்தியாவிலிருந்து 50,000 திறன்பெற்றவர்கள் போவதைப் பற்றிய பேச்சே இருக்கிறது. ஆனால் எந்த விசா என்று அவரிடம் கேட்டீர்களா? 2019ல் வந்த 'தொகுதே கினோ' என்ற திறன் தொழிலாளர் விசாவாக இருந்தால், அதன் முதல் கட்டம் பொதுவாக ஐந்து வருடம்தான், மனைவி பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது, அடிப்படை மொழித் தேர்வும் தொழில் தேர்வும் பையனேதான் எழுதித் தேற வேண்டும். டிப்ளமா, ஐடிஐ படித்தவர்களுக்கு அது நல்ல வழிதான். பி.இ. முடித்தவனுக்குப் புதுப்பித்துக்கொண்டே போகக்கூடிய, குடும்பத்தையும் கூட்டிப்போகக்கூடிய இன்ஜினியர் விசா இருக்கும்போது அவன் ஏன் நாலரை லட்சம் கொடுத்துக் கீழ்ப்படியில் ஏற வேண்டும்?

மாதம் 2 லட்சம் யென் என்று அவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் மலைத்துப்போனது குரலிலேயே தெரிந்தது. ஒரு யென் ஏறக்குறைய 60 பைசாதான். வரி, மருத்துவக் காப்பீடு, பென்ஷன், அறை வாடகை எல்லாம் போக, சாப்பாட்டுக்கு முன்னால் 70 ஆயிரம் ரூபாய் நின்றால் பெரிது. அப்புறம், வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்த ஏஜென்ட் வேலை தேடிக் கொடுக்க வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண் கேட்டதும் பேச்சை மாற்றினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், கொழுந்தனார் கோபத்தை நான் பேசிச் சமாளிக்கிறேன். அரசு வழியாகவே விசாரிக்க வேண்டுமென்றால் கிண்டியில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது.

என் யோசனை, ஒரகடத்தில் சேரட்டும். ஐடியில் அவனுக்கு ஆசை இருந்தால் வேறு பேச்சு, ஆனால் அந்த ஆசை எதிர்வீட்டைப் பார்த்து உங்களுக்கு வந்ததா, அவனுக்கே வந்ததா என்று இன்றைக்கு ராத்திரி அவனிடம் தனியாகக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் மெயில் போக வேண்டும், நான்காம் பக்கத்து வரியைப் பற்றிக் கேட்டுவிட்டு வியாழக்கிழமை எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். சேரும் நாளில் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும், ஜெராக்ஸ் மூன்று செட் போதும். மெடிக்கலில் நிறப்பார்வை பார்ப்பார்கள், கண்ணாடியை மறந்துவிட்டுப் போகப்போகிறான்.