நித்தியகல்யாணி இலையில் மருந்தைக் கூட்ட முடியுமா? கேள்வி பதில்

செங்கோட்டைக் கணவாய்க்கு இரண்டு பக்கமிருந்தும் வந்த கேள்விகள். நான் செடிகளின் ரசாயனம் படித்தவன், வைத்தியன் இல்லை. மருந்துக்கு யோசனை கேட்காதீர்கள்.

செங்கோட்டை விவசாயி: தம்பி, மானாவாரியில் நித்தியகல்யாணி போடுகிறேன். ஆடு மேயாது, அந்த நிம்மதி உண்டு. இலையை மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறார்களே, மருந்து கூடுதலாக இருக்கிற செடியை உண்டாக்க முடியாதா?

அண்ணாச்சி, ஆடு வாய் வைக்காததற்கும் அந்த மருந்துக்கும் காரணம் ஒன்றுதான்: ஆல்கலாய்டுகள் என்ற கசப்பான ரசாயனங்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்பிளாஸ்டின் 1 கிராம் எடுக்க, காய்ந்த இலை சுமார் 500 கிலோ வேண்டும். ஏன் இவ்வளவு குறைவு? விண்டோலின், கேத்தரந்தின் என்ற இரண்டு பொருள்கள் சேர்ந்தால்தான் வின்பிளாஸ்டின். செடியோ விண்டோலினை இலைக்குள்ளே வைத்துக்கொண்டு, கேத்தரந்தினை வெளியே, இலையின் மெழுகுப் படலத்துக்கு அனுப்பிவிடுகிறது. சந்தித்தால்தானே சேர!

ஒரு மரபணுவை முடுக்கிவிட்டால் போதும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆர்கா3 என்பது பல மரபணுக்களைச் சேர்த்து இயக்கும், சுவிட்ச் போன்ற ஒரு மரபணு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதை நித்தியகல்யாணி செல்களில் கூட்டிப் பார்த்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். ஆல்கலாய்டு கூடியது, ஆனால் லோகனின் என்ற மூலப்பொருளை வெளியிலிருந்து ஊற்றிய பிறகுதான். ஒரு பக்கத்து வாய்க்காலை மட்டும் அகலப்படுத்தினால் வயல் நிறையாது. செடியை மாற்றுகிறவர்கள் முதலில் எங்கே அடைப்பு என்று தேட வேண்டும் என்பேன்.

புனலூர் கல்லூரி மாணவி: அண்ணா, இந்த மருந்தை ஈஸ்ட்டிலேயே, அதாவது ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரிலேயே, செய்துவிட்டார்களாமே? இனி இலை விலை போகுமா?

செய்தார்கள், 2022இல். முப்பதுக்கு மேற்பட்ட தாவர மரபணுக்களை ஈஸ்ட்டில் ஏற்றி, விண்டோலினையும் கேத்தரந்தினையும் அதில் வரவைத்து, பிறகு ரசாயன முறையில் இணைத்தார்கள். பெரிய வேலைதான். ஆனால் கிடைத்தது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. அதை வைத்து இலை வியாபாரி கடையைச் சாத்திவிட மாட்டார்.

ஆரியங்காவு: நல்லமிளகில் காரம் கூட்டலாமா?

காரத்துக்குக் காரணமான பைப்பரினைச் செடி கடைசிப் படியில் எப்படி உண்டாக்குகிறது என்பதே 2021இல்தான் தெளிவானது. இப்போதைக்கு நல்ல ரகத்துக் கொடியாகப் பார்த்து நடுவதுதான் வழி.

புளியரை: மரபணு மாற்றிய நித்தியகல்யாணி விதை எங்கே கிடைக்கும் சார்?

எங்கேயும் கிடைக்காது. இந்தியாவில் அப்படி வணிகமாகப் பயிராவது பருத்தி மட்டும். யாராவது பாக்கெட் போட்டு விற்றால், பில் கேட்டுப் பாருங்கள். ஆளைக் காண மாட்டீர்கள்.