தூசிக்கு ஏது ஈர்ப்பு? பாறைக் கோள்கள் திரண்ட விதம்

"கோள்கள் ஈர்ப்பு விசையால் திரண்டவை என்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத தூசிக்கு அவ்வளவு ஈர்ப்பு ஏது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மிகச் சரியான சந்தேகம். தொடக்கத்தில் ஈர்ப்புக்கு அங்கே வேலையே இல்லை.

இளம் விண்மீனைச் சுற்றும் வட்டின் நிறையில் சுமார் 99 விழுக்காடு வாயு; தூசி 1 விழுக்காடுதான். விண்மீனுக்கு அருகே வெப்பம் அதிகம் என்பதால் நீர் உறையாது. பாறையின் மூலப்பொருளான சிலிக்கேட்டும் உலோகமுமே திடப்பொருளாக மிஞ்சும். உள்ளே இருக்கும் கோள்கள் பாறையாக அமைந்தது இதனால்தான். மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்கள் மெதுவாக மோதும்போது மூலக்கூறுகளுக்கு இடையிலான வலுக்குறைந்த கவர்ச்சியான வாண்டர்வால்ஸ் விசையால் ஒட்டிக்கொள்ளும். மில்லிமீட்டர், சென்டிமீட்டர் வரை இப்படியே வளரலாம்.

அதற்கு மேல்தான் உண்மையான முட்டுக்கட்டை. வாயுவை அதன் அழுத்தம் ஓரளவு தாங்குவதால், அது திடப்பொருளைவிடச் சற்று மெதுவாகச் சுற்றும். ஆகவே கல்லுக்கு எந்நேரமும் எதிர்காற்று. வேகம் குறையக் குறைய அது உள்நோக்கிச் சரியும். பூமி இருக்கும் தொலைவில் ஒரு மீட்டர் பாறை சில நூறு ஆண்டுகளுக்குள் சூரியனிடம் போய்விடும். போதாக்குறைக்கு, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தைத் தாண்டி மோதினாலே சிலிக்கேட் உருண்டைகள் உடையத் தொடங்கும்.

இதற்கு இன்று இருப்பதிலேயே வலுவான விடையாக நான் கருதுவது, வானியற்பியலாளர்கள் யூடினும் குட்மனும் 2005இல் முன்வைத்த ஓட்ட நிலையின்மை (streaming instability). கூழாங்கற்கள் ஓரிடத்தில் நெருங்கினால் அவையே வாயுவையும் தங்களோடு இழுத்துச் செல்லும், எதிர்காற்று தணியும், சரிவும் மந்தமாகும். வெளியிலிருந்து சரிந்து வரும் கற்கள் அங்கே வந்து சேரச் சேர, கூட்டம் அடர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஈர்ப்பு அந்தக் கூட்டத்தை மொத்தமாக அமுக்கி, மீட்டர் கட்டத்தையே தாண்டி, 100 கிலோமீட்டர் அளவுக் கோள்துணுக்குகளாக, அதாவது கோள்களைக் கட்டும் முதற்கட்டிகளாக, ஆக்கிவிடும். ஆனால் அந்த இடத்தில் தூசியின் பங்கு வழக்கமான 1 விழுக்காட்டைவிடக் கூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரும்பாலும் கூட்டம் கலைந்துவிடும். 2019இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் படமெடுத்த, நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் அரோகாத் பாறையல்ல, பனிப்பொருள்தான் என்றாலும், நசுங்காமல் மெல்ல ஒட்டிய அதன் இரு மடல்கள் இந்த விளக்கத்துக்கு நன்றாகப் பொருந்துகின்றன.

ஈர்ப்பின் ஆட்சி இதன் பிறகே. பெரியது இன்னும் வேகமாகப் பெருத்து, நிலா முதல் செவ்வாய் வரையிலான அளவில் கோள்கருக்கள் உருவாகும். ஒரு கோடி ஆண்டுகளுக்குள் வாயு பெரும்பாலும் கலைந்துவிட, அவற்றின் பாதைகள் குறுக்கிட்டுப் பெருமோதல்கள் நடக்கும். அந்த வெப்பத்தில் பாறை உருகி, இரும்பு மையத்துக்கு இறங்கும். பூமி முழுமையடையப் பல கோடி ஆண்டுகள் ஆயின. நிலாவும் அப்படியொரு மோதலில் பிறந்ததே. செவ்வாயின் கதை வேறு. கதிரியக்க ஹாஃப்னியம் டங்ஸ்டனாகச் சிதைவதை வைத்து வயதை அளக்கும் ஹாஃப்னியம்–டங்ஸ்டன் காலக்கணிப்பின்படி, அது சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே பெரும்பகுதி வளர்ந்து, பூமியைப் போல் பெருக்காமல், கோள்கரு அளவிலேயே நின்றுவிட்டது.