ஆமைக்கு எந்த இலையைப் பறிக்கலாம்?

கேள்வி: அம்பாந்தோட்டைப் பக்கம் வேலை செய்யும் என் தம்பி, பிள்ளைகளுக்கென்று ஒரு ஆமையைக் கொண்டுவந்து விட்டுப் போனான். முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி இருக்கின்றன. கோவாவும் கரட்டும்தான் கொடுக்கிறோம். வீட்டைச் சுற்றி எவ்வளவோ பூண்டுகள் முளைத்திருக்கின்றன, எதை நம்பிப் பறிப்பது?
- வாசகி, பண்டாரவளை

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நட்சத்திர ஆமை. உலர் வலயத்துப் பிராணி, நம் நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். தம்பிக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படைத்துவிடுங்கள், பிள்ளைகள் அழுதாலும் பரவாயில்லை. நீங்களாகப் பக்கத்துக் காட்டில் மட்டும் விட்டுவிடாதீர்கள், மலைக்குளிரும் ஈரமும் அதற்கு ஒத்துவராது.

சரி, அதுவரைக்கும் அது பட்டினி கிடக்கக் கூடாதே. செவ்வரத்தை இருந்தால் இலை, பூ இரண்டையும் கொடுக்கலாம். மல்பெரி இலை, வல்லாரை, சாதாரணப் புல் எல்லாம் நல்லவை. வேலியோரத்தில் வெட்டுக்காயப்பூண்டு கட்டாயம் இருக்கும். நீண்ட மெல்லிய காம்பின் நுனியில் ஒரே ஒரு பூ, நடுவில் மஞ்சள், சுற்றிலும் நுனி மூன்றாகப் பிளந்த வெளிறிய இதழ்கள். அதையும் கொடுக்கலாம், ஆனால் அதோடு கலந்தே இன்னொரு பூண்டு வளரும், அங்கேதான் கவனம் வேண்டும். அதன் பூக்கள் ஊதாவும் வெள்ளையுமாகப் பஞ்சுப் பொட்டுகள் போலக் கொத்தாக இருக்கும், இலையைக் கசக்கினால் ஆட்டு வாடை அடிக்கும். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அதில் இருக்கிறது. பூக்காத நாளில் இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம், அதனால் பூவைப் பார்த்த பிறகே பறியுங்கள்.

காம்பை உடைத்தால் பால் வந்தாலே விஷம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை, பால் வடிகிற நல்ல கீரைகளும் உண்டு. ஆனாலும் பெயர் தெரியாத செடியில் பால் வந்தால் தொடாமல் விட்டுவிடுவதே மேல்.

பங்களாத் தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் அசேலியா, ஹைட்ரேஞ்சியா, அரளி, ஓடையோரம் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தம்பூ, உண்ணிச்செடி, இவை எதுவுமே வேண்டாம். நம் மலைநாட்டில் பலரும் மறந்துவிடுவது உருளைக்கிழங்கு இலையும் தக்காளி இலையும், கறிக்குப் போடுகிற செடிதானே என்று நினைப்பார்கள், ஆனால் அந்த இலைகள் நஞ்சு. லீக்ஸ் கழிவும் கூடாது. கோவாவைத் தினமும் கொடுத்தால் தைரொயிட் சுரப்பி பாதிக்கப்படும், எப்போதாவது ஒரு துண்டு போதும். கரட்டும் அப்படித்தான், அதில் இனிப்பு அதிகம். நட்சத்திர ஆமைக்கு வேண்டியது நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும், பொஸ்பரசைப் போல இரண்டு மடங்காவது கல்சியம் இருக்க வேண்டும். ஒரு கணவாய் ஓட்டைப் பக்கத்தில் போட்டு வையுங்கள், வேண்டும்போது அதுவே கடித்துக்கொள்ளும்.

செடி நல்லதாக இருந்தாலும் இடம் கெட்டிருக்கலாம். தேயிலை நிரைகளுக்கு நடுவிலும் பாதையோரத்திலும் களைநாசினி அடித்திருப்பார்கள், அங்கே பறிக்கவே வேண்டாம். மருந்து படாத வீட்டு முற்றம்தான் நம்பகமானது.

அப்புறம், காலையில் வைத்த இலையைத் தொடவில்லை என்று பயப்பட வேண்டாம். உடம்பு சூடேறாமல் அதற்குச் செரிமானமே நடக்காது. வெயில் ஏறி, ஓடு கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்த பிறகு வைத்துப் பாருங்கள்.

கேள்வி: தேயிலைக் கொழுந்து கொடுக்கலாமா? மாடு தின்கிறதே?
- வாசகர், ஹட்டன்

பதில்: வேண்டாம். இளங்கொழுந்தில்தான் கஃபீன் அதிகம். மாட்டின் உடம்பு எங்கே, உள்ளங்கை அகல ஆமை எங்கே!