குன்னூர் ஈரத்தில் விக் வாடை: பதித்த முடிக்கு மாறலாமா?

குன்னூர் நண்பருக்கு, உங்கள் டிபிஇ (ரப்பர் போல மெத்தென்ற பிளாஸ்டிக்) பொம்மையின் விக் ஐப்பசி மழையில் பூஞ்சை வாடை அடிக்கிறது, ஊசியால் முடி பதித்த தலை வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். முடி பதிக்கப் பொருத்தமானது சிலிகான் தலைதான். டிபிஇ மெத்தென்று இருப்பதால் ஊசித் துளைகள் நாளடைவில் விரிந்துவிடும். பதித்த முடியில் நெற்றியோரம் அசல் போலவே இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழற்ற முடியாதே! தலையோடு அலசி, வேரடிவரை காயவைக்க வேண்டும். ஊட்டியில் எனக்குத் துவைத்த சட்டையே மூன்று நாளானாலும் காய்வதில்லை.

இருக்கிற விக்கைக் கழற்றி, குளிர்ந்த தண்ணீரில் துளி ஷாம்பு விட்டு அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் ஒற்றி, காற்றாட வையுங்கள். காய்ந்தபின் அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். சாதாரணச் செயற்கை இழை என்றால் ஹீட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், சுருண்டுவிடும். நான் ஒன்றை அப்படித்தான் பாழாக்கினேன்.

அப்புறம், கறுப்பு விக்கின் சாயம் டிபிஇயில் இறங்கினால் லேசில் போகாது. அடியில் வெளிர்நிற விக் தொப்பி மாட்டுங்கள், அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு.