யூடியூபர் அடித்த 20 யார்டு உங்களுக்கும் கிடைக்குமா?

கேள்வி: சார், எனக்கு 44 வயது. கோவையில் மூன்று வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன், ஹேண்டிகேப் 22 (ஒரு ரவுண்டில் இலக்கைவிட ஏறக்குறைய 22 அடி கூடுதல்). ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் யூடியூபில் கோல்ஃப் வீடியோதான். எனக்குப் பிடித்த ஒருவர் இந்த வருட டிரைவரில் (தூரமாக அடிக்கிற முதல் அடிக்கான கிளப்), தன் பழையதைவிட 20 யார்டு கூடுதலாக அடித்துக் காட்டினார். என்னிடம் இருப்பது 2017 மாடல். ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். டிரைவர், ஐயன் செட் (நடுத்தூர அடிகளுக்கான, எண் போட்ட கிளப்கள்), முடிந்தால் எல்லோரும் பேசுகிற அந்த லேப் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் கிளப்). எதை முதலில் வாங்கலாம்? இவர்களை எவ்வளவு நம்பலாம்?

பதில்: டிரைவரை இப்போது வாங்காதீர்கள். முதலில் ஒரு நல்ல ஃபிட்டிங்குக்கு, அதாவது உங்கள் ஸ்விங்குக்கு ஏற்பக் கிளப்பை அளவெடுத்துப் பொருத்துவதற்கு, நேரம் வாங்குங்கள், போகும்போது உங்கள் பழைய டிரைவரையும் ஐயன்களையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியை வாரம் இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பதினைந்து வருடமாக ஃபிட்டிங் செய்கிறேன். முன்பெல்லாம் "என்கூட ஆடுகிறவர் இதை வைத்திருக்கிறார், எனக்கும் வேண்டும்" என்று வருவார்கள், இப்போது போனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டுகிறார்கள்.

அந்த 20 யார்டு பொய் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே கிடைத்திருக்கலாம். ஆனால் அது அவருடைய ஸ்விங்கின் எண். டிரைவர் ரிவ்யூ செய்கிறவர்களில் பலர் பயிற்சி பெற்ற ஆட்டக்காரர்கள், ரிக் ஷீல்ஸ் போன்ற யூடியூபர்கள் முறையாகத் தகுதி பெற்ற பிஜிஏ பயிற்சியாளர்கள். மணிக்கு 105, 110 மைல் வேகத்தில் அடிப்பது அவர்களுக்குச் சாதாரணம். அடியின் வேகத்தை அளக்கும் கருவி செய்கிற டிராக்மேன் நிறுவனம் வெளியிட்ட கணக்கில் சராசரி ஆண் அமெச்சூரின் டிரைவர் வேகம் 93 மைல்தான். அதைவிட முக்கியமாக, அவர்கள் பந்தை, கிளப் முகத்தின் (பந்தில் படும் பரப்பு) நடுவில், திரும்பத் திரும்ப, ஏறக்குறைய ஒரே இடத்தில் அடிக்கிறார்கள். 22 ஹேண்டிகேப் ஆட்டக்காரர் ஒரு விரல் அகலத்துக்கு அங்கும் இங்கும் தள்ளி அடிப்பார், அந்த ஒரு விரல் அகலத்திலேயே பத்து யார்டுக்கு மேல் போய்விடும். புது டிரைவர் தரப்போவதாகச் சொல்லும் லாபம் பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. டிரைவர் முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு, கோல்ஃப் விதிகளை வகுக்கும் யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்டு ஏவும் வரம்பு வைத்து வருடங்கள் ஆகிவிட்டன. 2004 முதல் ஊசல் சோதனைதான்: ஊசலில் கட்டிய குண்டு முகத்தைத் தொட்டிருக்கும் நேரம் 239 மைக்ரோவினாடியைத் தாண்டக்கூடாது, சலுகையாக இன்னும் 18. தலையின் அளவுக்கும் 460 சிசி என்று எல்லை. உங்கள் 2017 டிரைவர் தயாரான காலத்திலேயே பெரிய நிறுவனங்கள் அந்த எல்லையைத் தொட்டு நின்றன. அதனால் நடுவில் பட்ட அடியில் புதிதாக அள்ளுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அதற்கப்புறம் உண்மையில் முன்னேறியது, தள்ளிப் பட்ட அடியிலும் தலை திரும்பாமல் இருக்கும் குணம். 2024இல் டெய்லர்மேடும் பிங்கும் "10கே" என்று விற்றார்களே, அது அந்தக் குணத்தின் எண்தான். படுக்கைவாட்டில், செங்குத்தில் என்று இரண்டு எண்களையும் கூட்டினால் 10,000 வருகிறது. விதி கட்டுப்படுத்துவது அதில் ஒன்றை மட்டும்தான், அதன் எல்லை 5,900. உங்களைப் போன்றவருக்கு இது உதவக்கூடிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பலன் பத்து அடிகளின் சிதறல் குறைவதில் தெரியும், ஒரே அடியின் தூரத்தில் தெரியாது. வீடியோவின் முகப்புப் படத்தில் போடுவதற்குச் சிதறல் பொருந்தாது, தூரம்தான் பொருந்தும்.

இந்த வீடியோக்கள் நம்மை எப்படி இழுக்கின்றன என்று இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: கேமராவில் காட்ட முடிகிற விஷயம் விற்கிறது, காட்ட முடியாதது எவ்வளவு முக்கியமாக இருந்தாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. யார்டு எண்ணைக் காட்டலாம், அடிபடும் சத்தத்தைக் கேட்க வைக்கலாம், கார்பன் முகத்தின் நிறத்தைக் காட்டலாம். உங்கள் ஐயனின் லை கோணம் (தலைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கோணம்) இரண்டு டிகிரி தவறாக இருப்பதையோ, கிரிப் வழவழப்பாகிப் போனதையோ, கிளப்பின் தண்டான ஷாஃப்ட்டின் எடை உங்களுக்குப் பொருந்தாததையோ யார் வீடியோ எடுப்பார்கள்?

போன வருடம் ஒருவர் வந்தார். 88 மைல் வேகம். வீடியோவில் "ஸ்பின் குறைவு, அதனால் தூரம் அதிகம்" என்று கேட்டுவிட்டு, குறைந்த ஸ்பின்னுக்கென்றே செய்த 9 டிகிரி லாஃப்ட் (முகத்தின் மேல்நோக்கிய சாய்வு) தலையை, ஸ்டிஃப், அதாவது விறைப்பான ஷாஃப்ட்டோடு வாங்கி வந்திருந்தார். பந்து மேலேயே ஏறவில்லை, 180 யார்டில் செத்து விழுந்தது. வேகமாக அடிக்கிறவருக்கு ஸ்பின் குறைவது நல்லது, மெதுவாக அடிக்கிறவருக்குப் பந்து காற்றில் நிற்பதற்கே ஸ்பின்னும் லாஃப்ட்டும் வேண்டும். சாதாரண 12 டிகிரி தலையும் இலகுவான ஷாஃப்ட்டும் கொடுத்தபோது அவருடைய கேரி (பந்து காற்றில் போகும் தூரம்) 15 யார்டுக்கு மேல் கூடியது. அது இரண்டு தலைமுறை பழைய மாடல். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், ஷாஃப்ட்டில் அச்சடித்திருக்கும் "ரெகுலர்", "ஸ்டிஃப்" என்பதற்கு எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான தரம் எதுவும் கிடையாது. ஒருவரின் ஸ்டிஃப் இன்னொருவரின் ரெகுலராக இருக்கும். வீடியோவில் கேட்ட எழுத்தை வைத்து ஆர்டர் போடாதீர்கள்.

சரி, ஐயன் செட்டுக்கு வருவோம். என்னைக் கேட்டால் மக்கள் அதிகம் ஏமாறுவது டிரைவரில் அல்ல, இங்கேதான்.

"என் பழைய 7ஆம் எண் ஐயன் 140, புதுசு 155" என்ற வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கிளப்பின் அடியிலும் 7 என்றுதான் போட்டிருக்கும். ஆனால் டைட்டலிஸ்ட் டி100இன் 7ஆம் எண் 34 டிகிரி, பிங் ஜி430இன் 7ஆம் எண் 29 டிகிரி. ஐந்து டிகிரி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு கிளப்புக்கும் மேலே. பழைய கணக்கில் அது 6ஆம் எண்ணையும் தாண்டியது. இது மோசடி இல்லை. எடையைக் கீழே, பின்னே கொண்டுபோய் வைத்திருப்பதால் லாஃப்ட் குறைந்தாலும் பந்து நன்றாகவே எழும்புகிறது, நல்ல பொறியியல். ஆனால் பந்து கிரீனில் (குழி இருக்கும் புல்பரப்பு) நிற்குமா என்பதை யாரும் காட்டுவதில்லை, உள்ளறையில் திரையில் அடித்தால் அது தெரியவும் தெரியாது.

இதன் விலையைக் கொடுக்கப்போவது செட்டின் கீழ்ப் பக்கம், அதாவது குறைந்த தூரத்துக்கான வெட்ஜ்கள். ஜி430இல் பிட்சிங் வெட்ஜ் 41 டிகிரி, டி100இல் 46. உங்களிடம் ஏற்கெனவே 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 41க்கும் 56க்கும் நடுவே 15 டிகிரி பள்ளம். 75 யார்டிலிருந்து 115 யார்டு வரை உங்களுக்கென்று ஒரு முழு அடி கிளப்பே இருக்காது, அரை ஸ்விங், முக்கால் ஸ்விங் என்று தடவிக்கொண்டிருப்பீர்கள். 22 ஹேண்டிகேப்காரர் ஒரு ரவுண்டில் அதிகம் நிற்கும் இடமே அந்தத் தூரம்தான், இரண்டாவது அடி கிரீனுக்கு எட்டாமல் போகிறதல்லவா. எனவே அப்படிப்பட்ட செட் வாங்கினால் நடுவே இரண்டு வெட்ஜுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். கடையில் 7ஆம் எண்ணை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு வராதீர்கள், பிட்சிங் வெட்ஜையும் அடித்துப் பாருங்கள்.

யூடியூப் சேனலும் நடத்துகிற அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் ப்ரைசன் டிஷாம்போவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் சேனலைப் பார்த்துவிட்டு எல்லா ஐயனும் ஒரே நீளத்தில் வேண்டும் என்று கேட்கிறவர்கள் நிறைய. 2024 யுஎஸ் ஓபனை பைன்ஹர்ஸ்ட்டில் அவர் வென்றபோது வைத்திருந்தது, ஒரே நீளத்தில், முகம் லேசாக வளைந்த, 3டி பிரிண்ட் செய்த ஐயன்கள். அந்த வருடம் மாஸ்டர்ஸுக்குக் கொஞ்சம் முன்புதான் அவற்றுக்கு அனுமதியே கிடைத்தது. தன் அசாத்திய வேகத்தில் தள்ளிப் பட்ட பந்து எப்படி வளைகிறது என்பதைச் சரிசெய்யத் தனக்காகச் செய்துகொண்டவை அவை. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும், கோல்ஃபை இத்தனை இளைஞர்கள் பார்க்கிறார்கள் என்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர் பையில் இருப்பது அவருடைய பிரச்சினைக்கான மருந்து.

லேப் பட்டர் கொஞ்சம் வேறு கதை. அமெரிக்காவின் ஓரிகனில் இருக்கும் ஒரு நிறுவனம், ஸ்விங்கின்போது முகம் தானாகத் திரும்பாத பட்டர் என்பது அதன் அடிப்படை. ஒரு கருவியில் மாட்டி ஆட்டினால் மற்ற பட்டர்கள் திரும்பிக்கொள்ள, இது நேராகவே நிற்கும். அந்தக் காட்சி வீடியோவுக்கென்றே அமைந்ததுபோல இருப்பதால் வேகமாகப் பரவியது. 2023இல் இந்தப் பட்டரோடு லூகாஸ் குளோவர் வென்றார், 2025இல் ஜே. ஜே. ஸ்பான் ஓக்மான்ட்டில் யுஎஸ் ஓபனையே வென்றார், பெரிய நிறுவனங்களும் அதே வகையில் செய்ய ஆரம்பித்துவிட்டன. குறைந்த தூரத்தில் பட்டிங் செய்யும்போது முகம் திறந்து வலது பக்கம் தள்ளுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் முயன்று பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் லை கோணம் உங்களுக்குப் பொருந்தாவிட்டால் இதன் தத்துவமே அடிபட்டுப் போகும், அந்த நிறுவனமே அளவெடுத்துத்தான் கொடுக்கிறது. நண்பரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கி அப்படியே ஆடாதீர்கள்.

எவ்வளவு நம்பலாம் என்று கேட்டீர்கள். பணம் வாங்கியிருக்கிறாரா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. குட் குட் என்ற யூடியூப் குழு காலவே நிறுவனத்தோடு சேர்ந்து தங்கள் பெயரிலேயே கிளப் விற்கிறார்கள், அது வெளிப்படையாக இருப்பதால் எனக்கு அதில் கவலை இல்லை. இந்தியாவிலும் 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் கொண்டுவந்தது, இலவசமாக வாங்கிய பொருளையும் சொல்லியாக வேண்டும். என் கவலை வேறு. புது மாடல்கள் பெரும்பாலும் ஜனவரியில் வருகின்றன, நிறுவனம் குறித்த நாளில் எல்லோருடைய வீடியோவும் ஒன்றாக இறங்குகிறது, எல்லோருக்கும் கிளப் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கும், பலருக்கு அளவுக்கேற்ப அமைத்தே வந்திருக்கும். தன் பழைய டிரைவரையும் அதேபோல அன்று ஃபிட்டிங் செய்து ஒப்பிட்டாரா? வீடியோ பார்க்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், பாதி தெளிந்துவிடும். ஃபிட்டிங்கை முழுதாகப் படம் பிடித்துப் போடுகிறவர்கள், பல ஹேண்டிகேப் ஆட்டக்காரர்களை அடிக்க வைத்துச் சராசரி எடுக்கிறவர்கள், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து "பெரிய வித்தியாசம் இல்லை" என்று சொல்லத் துணிகிறவர்கள், இவர்களை நானே தேடிப் பார்க்கிறேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரே ஒன்று வாங்கி டிரைவர் முகத்தில் அடித்துவிட்டு, பயிற்சி ரேஞ்சில் பத்துப் பந்து அடியுங்கள், தடம் எங்கே விழுகிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். கிரிப் ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் மாற்றிவிடுங்கள், நம் வெயிலில், வியர்வையில் அது சீக்கிரம் போய்விடும், பைக்குள் செய்யக்கூடிய மிக மலிவான முன்னேற்றம் அதுதான். ஃபிட்டிங்கில் உங்கள் டிரைவரையும் புதியதையும் ஒரே பந்தில், பத்துப் பத்து அடி, ஐந்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி அடியுங்கள், ஏனென்றால் கடைசியில் எடுக்கும் கிளப்புக்கு உடம்பு சூடான சாதகம் கிடைக்கும். மோசமான அடியை அழிக்கச் சொன்னால் விடாதீர்கள், மைதானத்தில் அதை யாரும் அழிப்பதில்லை. பத்தின் சராசரி கேரியையும் இடது வலது சிதறலையும் எழுதிக்கொள்ளுங்கள், பழைய டிரைவரின் லாஃப்ட்டைத் திருகி மாற்ற முடிந்தால் மாற்றியும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். சராசரியில் எட்டு யார்டாவது கூடவோ சிதறல் கண்ணுக்குத் தெரியும்படி குறையவோ செய்தால் டிரைவர் வாங்குங்கள். இல்லையென்றால் முதலில் ஐயன்களின் லையைச் சரிசெய்து, 41இலிருந்து 56 வரை சொன்னேனே, அந்தப் பள்ளம் உங்கள் பையில் இருக்கிறதா என்று பார்த்து வெட்ஜ் வாங்குங்கள். பட்டர் அதற்கப்புறம். பவுடர் தடம் விழுந்த படத்தையும் அந்தப் பத்து எண்களையும் அனுப்புங்கள், லாஃப்ட் எவ்வளவு, ஷாஃப்ட் எந்த எடை என்று பார்த்துச் சொல்கிறேன்.