புள்ளிக் கணக்கு

வணக்கம் சார்,

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம். வயது 26, சென்னையில் வேலை. ஆண்களை விரும்புகிறவன். வீட்டில் ஆத்தாவுக்கு மட்டும் தெரியும். இங்கே நண்பர்கள் ஜூன் மாதம் வந்தால் ஸ்டோன்வால், சட்டப்பிரிவு 377 என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்குப் பரீட்சைக்குப் படிப்பது போல இருக்கிறது. அதுதான் 2018இல் இது குற்றமில்லை என்று தீர்ப்பு வந்துவிட்டதே, பழங்கதை எதற்கு? எங்கள் நகரத்தார் கோயிலில் கல்யாணம் ஆனால்தான் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு. ஊர்க் கணக்கிலேயே நான் வரப்போவதில்லை, நியூயார்க் கணக்கை ஏன் சுமக்க வேண்டும்? ஐயாவின் தம்பி ஒருவர் கல்யாணமே செய்துகொள்ளாமல் இருந்து இறந்தாராம். சின்னையா என்று எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவார்கள். அவரைப் பார்த்தவர்களில் 84 வயது அப்பத்தா மட்டும்தான் இருக்கிறார். எனக்கு இருக்கிற வரலாறு அவ்வளவுதான்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

சரி, ஸ்டோன்வாலைச் சுமக்க வேண்டாம். 1969 ஜூன் 28 அதிகாலை நியூயார்க்கில் நம் ஆட்கள் கூடும் அந்தப் பெயருள்ள மதுக்கடைக்குள் போலீஸ் புகுந்தது. வழக்கமாக ஓடுகிறவர்கள் அன்று ஓடவில்லை, திருப்பி நின்றார்கள். தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் 2018 போதும் என்கிறீர்களே, அதை நான் ஒப்பமாட்டேன். 377 என்பது ஒரே பாலினத்தார் உறவைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய சட்டம். 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் இது குற்றமில்லை என்றது. அதை நம்பி வீட்டில் வாய் திறந்தவர்கள் உண்டு. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் மத்தியானம் மறுபடி குற்றவாளிகள். வந்த தீர்ப்பு திரும்பிப் போகும் என்பதைப் பார்த்தவர்கள் சொன்னால்தானே உங்களுக்குத் தெரியும்?

இன்னும் கிட்டத்தில் ஒன்று. ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்கள் மதுரையிலிருந்து வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டார்கள். வழக்கை எடுத்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். 2021 ஜூன் 7 அன்று அவர் போட்ட உத்தரவில், 'குணப்படுத்துகிறேன்' என்று கிளம்பும் வைத்தியத்துக்குத் தடை இருக்கிறது. நாளைக்கு உங்களை யாராவது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனால் இது பழங்கதையாகத் தோன்றாது.

தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்று சிலர் கிளம்புவார்கள். ஆண்மை திரிந்தவரையும் உயர்திணையில் வைத்து இலக்கணம் சொல்லியிருப்பது உண்மைதான். அதைத் திருநங்கையர் பெருமையோடு எடுத்துக்கொள்ளட்டும். பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் நமக்காக இழுக்க வேண்டாம் என்பது என் கட்சி. அவர்கள் நட்பு என்றார்கள், விட்டுவிடுவோம்.

உங்கள் புள்ளிக்கு வருகிறேன். செட்டி வீட்டுப் பிள்ளைக்குக் கோயிலும், கடல் கடந்து கொண்டுவிற்ற வியாபாரக் கதையும் சோற்றோடு வந்துவிடும். நம் ஆட்களுக்கு அப்படி வராது. ஒவ்வொருவரும் தன்னைப் போல் ஒருவரும் இல்லாத வீட்டில்தான் பிறக்கிறார்கள். யாரோ அந்நியர் வந்து, உனக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

போன ஆவணியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையொன்றில் ஒரு ஸ்டுடியோ படம் பார்த்தேன். திரையில் வரைந்த படிக்கட்டு, பூந்தொட்டி. வேட்டியும் கோட்டுமாக இரண்டு ஆண்கள். நிற்பவரின் கை உட்கார்ந்தவரின் தோளில். உட்கார்ந்தவர் அந்தக் கையில் சுண்டுவிரலை மட்டும் பிடித்திருந்தார். விலை கேட்டேன். "சட்டம் பர்மா தேக்கு சார். படம் வேண்டாம்னா உருவிக் கொடுத்துர்றேன்" என்றார் கடைக்காரர். பின்னட்டையைக் கரையான் தின்றிருந்தது, பெயர் இல்லை. அவர்கள் காதலர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கூட்டாளிகள், அண்ணன் தம்பிகள் எல்லாரும் அப்படித்தான் படம் எடுத்தார்கள். ஆனால் கல்யாணச் சீரில் வந்த கரண்டி வரைக்கும் முறைச்சிட்டையில் எழுதி வைத்த ஊரில், இவர்கள் யார் என்று கேட்க ஆளில்லை.

1933 மே மாதம் பெர்லினில் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் நடத்திய பாலியல் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தை நாஜிகள் பொதுச் சதுக்கத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். நம் வீடுகளில் நெருப்பு எதற்கு? பேச்சை மாற்றினால் போதும்.

அப்பத்தாவிடம் போங்கள். சின்னையா ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்காதீர்கள், கதவு சாத்திக்கொள்ளும். எந்த அறையில் படுப்பார், தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போவார், கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள், கொள்ளி வைத்தது யார் என்று கேளுங்கள். சீடைக்கு மாவு உருட்டும்போது கேட்டால் நல்லது. கையில் வேலை இருந்தால் அப்பத்தாக்கள் பேசுவார்கள். ஒன்றுமே இல்லை, மனுஷன் தனியாக இருக்கப் பிரியப்பட்டார் என்றும் வரலாம். அதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். பொங்கல் வரை தள்ளாதீர்கள், இந்த வெள்ளிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறுங்கள்.