யோபுவின் நண்பர்கள் பேச்சை விடுங்கள்

காட்பாடி சகோதரிக்கு,

மகனின் சிறுநீரகக் கோளாறுக்கு உங்கள் மறைவான பாவமே காரணம் என்று ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வேதாகமத்தில் யோபு துன்பப்பட்டபோது, அவர் செய்த பாவமே காரணம் என்று நண்பர்கள் பேசியதும் இதே பேச்சுதான். பிறவிக் குருடனைக் காட்டிச் சீடர்களும் இதையேதான் கேட்டார்கள். அவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார் இயேசு (யோவான் 9:3). நம் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் என்ன பாவம் செய்தாராம்?

ஜெபம் வரவில்லையென்றால் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். கடைசி வரி வரை இருள்தான். ஆனாலும் அது தேவனை நோக்கியே கதறுகிறது. வார்டு வராந்தாவில் உட்கார்ந்து அதை வாய்விட்டே சொல்லலாம். அந்த ஜெபக்குழுவுக்கு இப்போதைக்குப் போகவேண்டாம். இரவில் பையனுக்குத் துணையிருக்க ஆள் வேண்டுமென்று போதகரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.